இரண்டு காதிலும் எழுத்துள்ள நாய்

படத்தைப் பார்த்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "காது ரெண்டையும் காட்டுற படம் இருக்கோ?"

மகள் கைபேசியை அவரிடம் நீட்டியபடி நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த நேரம். வெளியே பெப்ரவரி மாதத்துப் பனி ஜன்னலின் பாதியளவுக்கு ஏறியிருந்தது. பந்தயத்தில் ஓடி முடித்த கிரேஹவுண்ட் நாய் ஒன்றைத் தத்தெடுக்க வேண்டுமென்று அவள் மூன்று கிழமையாக எங்களை அரித்துக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. தகப்பன் எப்படியும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார், நான் ஏன் பொல்லாதவளாக வேண்டும் என்று காத்திருந்தேன்.

"காதோ? ஏன் அப்பா?"

"ரெண்டு காதிலையும் பச்சை குத்தியிருந்தால் அயர்லாந்து நாய். ஒண்டில மட்டும் எண்டால் இங்கிலாந்து."

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அவருக்குப் புளி கூடினால் பிடிக்காது, இடது முழங்கால் மழைக்கு உளையும், வங்கிக்குப் போனால் பேனையை மறந்துவிட்டு வருவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நாயின் காதைப் பற்றி அவருக்கு ஏதாவது தெரியும் என்பது மட்டும் தெரியாது.

"உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"லண்டனில நாய்ப் பந்தயம் நடக்கிற ஸ்ரேடியத்தில ரெண்டு வருசம் வேலை செய்தனான் எல்லோ."

"அதை எங்களுக்கு எப்ப சொன்னனீங்கள்?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?"

கனடாவுக்கு வருவதற்கு முன், எண்பதுகளின் நடுவில், அவர் லண்டனில் இருந்தவர். அங்கே என்ன செய்தீர்கள் என்று நான் கல்யாணமான புதிதில் கேட்டதற்கு "சிப்ஸ் பொரிச்சனான்" என்று சொன்னது ஞாபகமிருக்கிறது. ஏதோ ஒரு தெருமுனைக் கடை என்றே அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பந்தயத் திடலில் பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருந்த சமையலறை. தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று கத்தும்போது எண்ணெய்ச் சட்டி அதிருமாம்.

அந்த அரைமணி நேரத்தில் அவர் பேசியது அந்தக் குளிர்காலம் முழுவதும் பேசியதைவிட அதிகம். அதற்கு முந்தின வருடம்தான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அன்றிலிருந்து செற்றியில் சாய்ந்துகொண்டு, தொலைக்காட்சியில் காலநிலை சொல்லும் சனலைச் சத்தம் வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். நானோ பாடசாலை பஸ் ஓட்டுகிறவள். காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. இடையில் வீட்டுக்கு வந்தால் போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியே இருப்பார். அந்த மனிதர் இப்போது எழுந்து நின்று, கையால் ஒரு வட்டம் போட்டு, மின்சார முயல் எந்தத் தண்டவாளத்தில் ஓடும், நாய்கள் எந்தப் பெட்டியிலிருந்து பாயும் என்று மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு நாய் என்றால் பயம். பஸ்ஸில் ஐம்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் அசையமாட்டேன். தெருவில் ஒரு முழ நாய் குரைத்தால் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். ஆனாலும் அன்றைக்கு, "சரி, கொண்டு வாங்கோ" என்று சொன்னவள் நான்தான்.

*

அந்தப் படத்திலிருந்தவள் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். முன்பெல்லாம் இங்கே தத்துக்கு வந்த பந்தய நாய்கள் புளோரிடாவிலிருந்து வந்தவையாம். அங்கே திடல்களை மூடிய பிறகு அயர்லாந்திலிருந்து வரத் தொடங்கின. விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் ஆறு கூடுகள் வரிசையாக இருந்தன. ஆறு குடும்பங்கள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். தத்தெடுப்புக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கூடாகத் திறந்தார்.

நாலாவது கூட்டிலிருந்து அவள் வந்தாள். இடுப்பளவு உயரம். தேன் நிறத்தில் கறுப்பு வரிகள். வயிறு உள்ளே ஒட்டி, நெஞ்சு முன்னே தள்ளி, கால்கள் நீண்டு, ஏதோ நாய்க்கும் மானுக்கும் பிறந்தவள் போல. நான் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். அவளோ மகளைத் தாண்டி, கணவரைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து, என் தொடையில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றாள். குரைக்கவில்லை, நக்கவில்லை. களைத்த பிள்ளை சுவரில் சாய்வதைப் போலச் சாய்ந்தாள். நான் அசைந்தால் விழுந்துவிடுவாள் போலிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் கழுத்தில் கையை வைத்தேன். அந்த ரோமம் பழைய பட்டுச் சீலையைப் போல இருந்தது.

"ஆக்களிலை சாயிறது கிரேஹவுண்டின்ர குணம்," என்றார் கணவர். பிறகு முழங்கால் உளைவையும் மறந்து நிலத்தில் குந்தி, அவள் காதுகளை ஒவ்வொன்றாக மெல்லத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் பச்சை எழுத்துகள். "பாத்தீரோ!" என்றார், தானே எழுதியவர் போல.

பந்தயத்தில் அவளுக்கு மூன்று சொற்களில் நீளமான ஒரு பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. "பிள்ளை, இஞ்ச வா" என்று நான் முதல் நாளே கூப்பிட்டுவிட்டேன். அதுவே நிலைத்துவிட்டது.

பிள்ளைக்கு வீடு என்றால் என்னவென்று தெரியாது. பிறந்ததிலிருந்து பண்ணைக் கொட்டிலிலும் திடலிலும் இருந்தவள். இங்கே கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் சின்ன வீட்டுக்குள் பக்கக் கதவால் நுழைந்தால், சமையலறைக்கு ஐந்து படி ஏற வேண்டும். அவள் படியைக் கண்டதே இல்லை. முதல் படிக்கு முன்னால் நின்று, மதிலைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இருபத்தெட்டுக் கிலோ. மகளும் கணவரும் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இறங்கவும் தூக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் என் கணவர் ஒரு முடிவுக்கு வந்தார். "நாங்கள் ரெண்டு காலில ஏறினால் அதுக்கு என்னெண்டு விளங்கும்?" என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நாலு காலில் நின்றார். வலது கையை முதல் படியில் வைத்தார். இடது கை. பிறகு முழங்கால். மேலே நான் சீஸ் துண்டோடு குந்தியிருந்தேன். "பார் பிள்ளை, இப்பிடித்தான். இதிலை ஒண்டுமில்லை." அறுபத்துமூன்று வயது மனிதர் இப்படி மூன்றாவது படியில் நிற்கும்போது, திறந்திருந்த பக்கக் கதவில் தபால்காரர் ஒரு பொதியோடு வந்து நின்றார். ஒரு கணம் பார்த்தார். பொதியை மெதுவாக வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நான் சிரித்த சிரிப்பில் சீஸ் கைதவறி உருண்டு இரண்டாம் படியில் விழுந்தது. பிள்ளை அதை எடுக்க முன்னங்கால் இரண்டையும் படியில் வைத்தாள். அப்படித்தான் ஏறப் பழகினாள்.

*

சொந்தக்காரர் விஷயம் படியைவிடக் கஷ்டம். யூனியன்வில்லில் இருக்கும் என் மச்சாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். உள்ளே வந்ததும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஐயோ, உதென்ன மச்சாள், விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல கிடக்கு. வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டு உதையும் பட்டினி போடுறியளோ?"

"ஓடுற நாய் அப்பிடித்தான் இருக்கும். டொக்ரர் நிறை சரி எண்டு சொன்னவர்."

"என்ன டொக்ரர்? உங்களுக்கு இரக்கமில்லையே?"

அடுத்த கிழமை ஒரு சட்டி நிறைய அவித்த கோழியோடு வந்து நின்றாள். உப்பு, தூள் ஒன்றும் போடவில்லை, கூகிளில் பார்த்துத்தான் செய்தேன் என்றாள். கோயிலிலும் கதை பரவியது. பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு அன்ரி, "நீங்கள்தானே அந்த மெலிஞ்ச நாய் வச்சிருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குக் காலைச் சுற்று ஒன்பதேகாலுக்கு முடியும். அடுத்த சுற்றுக்கு இரண்டு மணிக்குப் போனால் போதும். அந்த இடைவெளியில் நானும் கணவரும் பிள்ளையும் நடக்கத் தொடங்கினோம். எங்கள் வீட்டுக்குக் கிட்ட உயர்மின் கம்பங்களுக்குக் கீழே புல்வெளியோடு நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் அவர் கதை சொல்லிக்கொண்டு வருவார். எனக்குத் தெரிந்த பந்தய வரலாறு முழுவதும் அந்தக் கம்பிகளுக்குக் கீழே கேட்டதுதான்.

முன்னொரு காலத்தில் இந்த நாய்கள் பிரபுக்களுடையவை. வயல்வெளியில் உயிர் முயலை விட்டு, இரண்டு நாயை அவிழ்த்துவிட்டு, எது முந்துகிறது என்று குதிரையில் இருந்து பார்ப்பார்களாம். பிறகு லண்டனுக்குக் கிட்ட யாரோ ஒருவர் பொய் முயல் ஒன்றைக் கம்பியில் கட்டி நேர்க்கோட்டில் ஓடவிட்டுப் பார்த்தார். நேரே ஓடினால் எந்த நாளும் கடுகதியான நாய்தான் வெல்லும். அதில் என்ன புதினம்? சனத்துக்கு அலுத்துவிட்டது. ஐம்பது வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து வட்டத் திடலும் மின்சார முயலும் வந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் மான்செஸ்ரரில் முதல் திடல் திறந்தார்கள். முதல் நாள் படிகள் நிரம்பவில்லை. சில கிழமைகளில் உள்ளே போக இடமில்லை.

"ஏன் அவ்வளவு சனம்?" என்று கேட்டேன்.

"குதிரைப் பந்தயம் பாக்கிறதெண்டால் வேலை நாளில, பகலில, எங்கையோ தூரத்துக்குப் போகவேணும். ஆலையில வேலை செய்யிறவன் என்னெண்டு போவான்? நாய்ப் பந்தயம் வேலை முடிஞ்சு நடந்து போற தூரத்தில. பொம்பிளையளும் வருவினம். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வருவினம்."

அடுத்த வருடமே அயர்லாந்திலும் திடல்கள் வந்தன. நாய் வளர்க்கத் தெரிந்தவர்கள் அயர்லாந்துக் கமக்காரர்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு, நாலு நாய். நல்ல நாய் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும். ஒரு பாதிரியார் வளர்த்த சின்ன நாய் ஒன்று அப்படிப் போய், இங்கிலாந்தின் மிகப் பெரிய பந்தயத்தை அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்று, சினிமாவிலும் நடித்து, செத்த பிறகு அருங்காட்சியகத்தில் பாடம்பண்ணி நிற்கிறதாம். "பாதிரியார் பந்தய நாய் வளத்தவரோ?" என்று நான் இரண்டுதரம் கேட்டேன். "ஓம், ஓம். தேவாலயத்தில அதுக்கும் சேர்த்துப் பிரார்த்திச்சிருப்பினம்," என்றார்.

அவர் லண்டனுக்குப் போன காலத்தில் அந்தப் பெரிய கூட்டம் குறையத் தொடங்கிவிட்டது. தெருத்தெருவாகப் பந்தயக் கடைகள் வந்தபிறகு, திடலுக்குப் போகாமலே பந்தயம் கட்டலாம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு திடலாக மூடி, நிலத்தை விற்று, வீடும் சுப்பர்மார்க்கெற்றும் கட்டினார்கள். அவர் சிப்ஸ் பொரித்த இடமும் இப்போது அடுக்குமாடி.

ஒரு நாள் அவர் சொன்ன கதையைத்தான் நான் அதிகம் நினைப்பது. ஒரு சனிக்கிழமை மத்தியானப் பந்தயம். ஓட்டத்துக்கு முன் ஆறு நாயையும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆட்கள் கயிற்றில் பிடித்துச் சனத்துக்கு முன்னால் நடத்திக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஓர் ஆள் வரவில்லை. யாரோ சமையலறைக்குள் தலையை நீட்டி, "உனக்கு நாய்க்குப் பயமோ?" என்று கேட்டார். இவர் இல்லை என்றார். பொய்தான். கையில் எண்ணெய் மணத்தோடு வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். ஆறாம் இலக்க நாய். கறுப்பும் வெள்ளையும் வரி போட்ட சட்டை அதற்கு.

"நாய் என்னைத்தான் பாத்துது. எண்ணெய் மணம் அதுக்குப் பிடிச்சுப் போச்சு. எல்லா நாயும் முன்னுக்குப் பாத்து நடக்க, என்ர நாய் என்ர கையை நக்கிக்கொண்டு பக்கவாட்டில நடந்தது. சனம் சிரிச்சுக் கை தட்டிச்சுது. எனக்கு இருபத்திமூண்டு வயசு. அந்த நாட்டில கனபேர் என்னைப் பாத்த நாள் அண்டைக்கு மட்டும்தான்."

"நாய் வெண்டுதோ?"

"எங்க! கடைசி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளைக் கோட்டும் சுருட்டைத் தலைமயிருமாக, அந்த வயதில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். எனக்குத் தெரியாத அந்தப் பெடியனை எனக்கு நன்றாகவே பிடித்துவிட்டது.

மகளுக்கு இந்தக் கதைகளில் பாதி மகிழ்ச்சி, பாதி கோபம். "அப்பா, இட்ஸ் க்ரூயல். எத்தனை டோக்ஸ் விழுந்து காலை முறிக்குது தெரியுமா? ஓட ஏலாட்டி என்ன செய்வாங்கள்?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள். வேல்ஸில் பந்தயத்தைத் தடைசெய்யப் போகிறார்களாம், அயர்லாந்திலும் எதிர்ப்பு இருக்கிறது என்று வாசித்திருந்தாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஓடாத நாய் எங்க போகுது எண்டு நானும் ஒருக்கால் ஒராளிட்டக் கேட்டனான்," என்றார். "அவர் மற்றப் பக்கம் திரும்பிட்டார். பிறகு நான் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும். நீ சொல்லுறது சரி, பிள்ளை."

தன்னைத்தான் கூப்பிட்டதாக நினைத்து மேசைக்குக் கீழே படுத்திருந்தவள் எழுந்து வந்து அவர் மடியில் தாடையை வைத்தாள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பேச்சு அத்தோடு முடிந்தது.

*

மே மாதத்தில் எனக்கும் ஒரு பந்தயம் நடந்தது. அன்றைக்குக் கயிறு என் கையில். மஞ்சள் பூப் பூத்த புல்லுக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து எங்களைப் பார்த்தது. உண்மையான முயல், மின்சாரம் இல்லாதது. பிள்ளையின் கழுத்து நீண்டதைக் கண்டேன். அடுத்ததாக நான் கண்டது என் மூக்குக்கு முன்னால் புல். கயிற்றை விடக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்ததால், இரண்டு மூன்று மீற்றர் தூரம் வயிற்றால் வழுக்கிக்கொண்டு போனேன். முயல் ஒரு வேலிக்கடியால் மறைந்துவிட்டது. பிள்ளை திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்று, இவள் ஏன் இங்கே படுத்திருக்கிறாள் என்பது போலப் பார்த்தாள்.

என் கணவர் ஓடி வந்தார். என்னைத் தூக்குவார் என்று கையை நீட்டினேன்.

"பாத்தீரோ எடுப்பை!" என்றார். "மூண்டே எட்டு! மூண்டாவது எட்டில முழு வேகம்! இவள் பெட்டிக்குள்ளால எப்பிடிப் பாய்ஞ்சிருப்பாள்!"

"நான் விழுந்து கிடக்கிறன்."

"ஓம், ஓம், எழும்பும். நல்லாப் பிடிச்சிருந்தீர் கயிறை. கெட்டிக்காரி."

கோபப்படத்தான் நினைத்தேன். கண்ணாடியிலிருந்த மஞ்சள் பூவை எடுத்துவிட்டு எழுந்தபோது சிரிப்புத்தான் வந்தது. முழங்கையில் காயம். பின்னேரச் சுற்றில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "நாய் இழுத்தது" என்று சொன்னதும் ஒவ்வொருவரும் தங்கள் காயங்களைக் காட்டத் தொடங்கி, பஸ் எடுக்க இரண்டு நிமிடம் பிந்திவிட்டது.

அதே மாதக் கடைசியில் மகள் ஒரு வேலை செய்தாள். தத்தெடுப்புக் குழுவினூடாக, பிள்ளையை வளர்த்தவர்களுக்கு ஒரு கடிதமும் படங்களும் அனுப்பியிருந்தாள். பதில் வந்தது. அயர்லாந்தின் தெற்கில் ஒரு பண்ணை. ஒரு பெண்ணும் அவருடைய வயதான தகப்பனும். வீடியோவில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை பத்து மணி எங்களுக்கு. அங்கே பின்னேரம் மூன்று. ரப்லெற்றைச் சாப்பாட்டு மேசையில் தேநீர்ப் பேணியில் சாய்த்து வைத்தோம். திரையில் சிவந்த முகமும் நரைத்த குடுமியுமாக ஒரு பெண். பிள்ளை செற்றியில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு நித்திரை. அதைக் காட்டினோம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "குளிர் தாங்குகிறாளா?" என்று கேட்டார். ஆங்கிலம்தான், ஆனாலும் முதலில் எனக்கு விளங்கவில்லை. பாட்டுப் போல ஏறி இறங்கும் பேச்சு. சின்னத் திடல்களில் இரண்டு வருடம் ஓடினாளாம். மூன்றுதரம் வென்றாளாம். மற்ற நாட்களில் வளைவில் அகலப் போய், படியில் நிற்கும் சனத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவாளாம்.

"நான் கூப்பிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

பிள்ளை துள்ளி எழுந்தாள். காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. அறையைச் சுற்றி ஓடினாள். மேசைக்கு வந்து திரையை மணந்தாள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், அங்கே ஒருவருமில்லை. நடுக்கூடத்தில் நின்று தலையை அண்ணாந்து நீளமாக ஊளையிட்டாள். இரண்டு மாதமாக அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை. அது அழுகை இல்லை. வால் சுழன்றுகொண்டிருந்தது. திரையில் அந்தப் பெண்ணும் கழுத்தை நீட்டி ஊளையிட்டார். மகளும் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ!

அப்போது தொப்பி போட்ட கிழவர் ஒருவர் திரைக்குள் வந்தார். அந்தப் பெண்ணின் தகப்பன். என் கணவர் ஆங்கிலத்தில், தான் லண்டனில் இன்ன திடலில் எண்பத்தைந்தில் வேலை செய்ததாகச் சொன்னார்.

கிழவரின் முகம் திரையை நிறைத்தது. "அங்கேயா? நான் ஒரு நாயைக் கொண்டு வந்திருக்கிறேன், அந்தக் காலத்தில். நல்ல திடல். ஆனால் அங்கே விற்ற சிப்ஸ் இருக்கிறதே, அதைப்போல மோசமான சிப்ஸை நான் வாழ்க்கையில் தின்றதில்லை."

என் கணவர் கையை உயர்த்தினார். "அது நான்தான் பொரிச்சது, ஐயா," என்றார் ஆங்கிலத்தில்.

கிழவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். அவருடைய மகள் அவர் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். உருளைக்கிழங்கைப் பற்றித்தான் அதிகம்.

*

யூன் மாதத்தில், மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில், அப்படித் தத்தெடுக்கப்பட்ட நாய்கள் எல்லாம் ஒன்றுகூடும் நாள் வந்தது. முப்பது நாற்பது கிரேஹவுண்டுகள். எல்லாம் யார் மீதாவது சாய்ந்துகொண்டு நின்றன. மச்சாளும் வந்திருந்தாள். இத்தனை மெலிந்த நாய்களை ஒன்றாகக் கண்டபின்தான் எங்களை நம்பினாள். "அப்ப சாதியே உப்பிடித்தானோ?" என்றாள்.

சுற்றிலும் உயர்ந்த வேலி போட்ட புல்வெளி ஒன்று இருந்தது. இரண்டு மூன்று நாய்களாக வாய்க்கூடு போட்டு உள்ளே விடுவார்கள். விருப்பமென்றால் ஓடலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். பந்தயமில்லை, பரிசில்லை. பிள்ளையை நாங்கள் அதுவரை கயிறில்லாமல் விட்டதே இல்லை. மகள்தான் கழுத்துப்பட்டியிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். கூட விட்ட இரண்டு நாயும் பறந்துவிட்டன. பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று, வேலிக்கு வெளியே நின்ற எங்களைப் பார்த்தாள்.

"அவளுக்கு விருப்பமில்லை," என்றாள் மகள். "இட்ஸ் ஓகே. வா, பிள்ளை."

என் கணவர் இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்தார். நாற்பது வருடத்துக்கு முன் கேட்ட ஒலிபெருக்கிக் குரலில், எங்கள் ஊர் ஆங்கிலத்தில், முழுப் பண்ணைக்கும் கேட்கத் தக்கதாக, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்! த ஹேர் இஸ் ரன்னிங்!" என்று, முயல் கிளம்பிவிட்டதாகக் கூவினார்.

பிள்ளை அந்தக் குரலைக் கேட்டாளோ, மற்ற நாய்கள் திரும்பி வரும் காலடியைக் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. உடம்பைப் பதித்தாள். பிறகு அவள் அங்கே இல்லை. புல்வெளியின் மற்றக் கரையில் இருந்தாள். மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடுவார்கள் என்று கேட்டிருந்தேன். பாடசாலை வலயத்தில் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுகிற எனக்கு அது வெறும் இலக்கமாகவே இருந்தது. கண்ணால் கண்டபோது வேறு. நாலு காலும் நிலத்தைத் தொடாத கணம் ஒன்று ஒவ்வொரு எட்டிலும் இருந்தது. வளைவில் புல்லைக் கிளப்பிக்கொண்டு திரும்பினாள். அந்த அயர்லாந்துப் பெண் சொன்னபடியே அகலப் போனாள். சனத்தைப் பார்த்தாள். வாய்க்கூட்டுக்குள் நாக்கு பறந்தது. சிரிக்கிறாள் என்றுதான் சொல்வேன், நாய் சிரிக்காது என்று யாராவது வாதாடினாலும் சரி.

"ஓடு பிள்ளை! ஓடு! ஓடு!" என்று யாரோ கத்துவது கேட்டது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்தான் குதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மச்சாள், கைப்பையைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு. என் கணவர் மூச்சு விடாமல் நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார். மூன்று சுற்று. பிறகு தானாகவே வேகத்தைக் குறைத்து, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் ஏறி, அப்படியே படுத்துக்கொண்டாள். யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். என் கணவர் திரும்பி நின்று தலை குனிந்து வணங்கினார், தானே ஓடியவர் போல.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு எழுந்து வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. தேநீருக்கும் மல்லித்தண்ணிக்கும் மசியவில்லை. அப்படியே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனேன். முதல் தரிப்பில் ஏறிய பிள்ளைகளுக்குத் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். ஒரு சின்னவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மிஸ்ஸுக்கு வொய்ஸ் இல்லை!" என்று பின்னால் திரும்பி அறிவித்தாள். பஸ் முழுவதும் ஒரு மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தத்துக்கு ஓர் அளவில்லை. கடைசி இருக்கையில் ஏறி நின்றவனைக் கண்ணாடியில் பார்த்து விரலை மட்டும் ஆட்டினேன். அவனும் எனக்கு விரலை ஆட்டினான். நான் விக்ரோறியா பார்க் வீதியில் திரும்பினேன்.